எவை எஞ்சின? சமூக ஊடகமும் வணிகமும் குறித்த வாசகர் கேள்விகள்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை செய்முறை கேட்பவை. பக்கம் தொடங்குவது எப்படி, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்த நேரத்தில் பதிவிடுவது என்பன போன்றவை அவை. சமூக ஊடகத்தையும் வணிகத்தையும் பற்றி நெடுங்காலமாக எழுதி வருபவன் என்பதால், இதுவரை எழுதியவற்றைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும்படி அண்மையில் சிலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றை ஒட்டி வந்த வேறு சிலவற்றையும் மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: உங்கள் பழைய கட்டுரைகளை இன்று எடுத்துப் படித்தால் எவை நிற்கின்றன, எவை உதிர்ந்துவிட்டன? (சிறு தொழில் நடத்தும் வாசகர்)

முதலில் உதிர்பவை செய்முறைக் குறிப்புகள்தாம். ஓர் அறிவிப்பை ட்விட்டரின் 140 எழுத்துகளுக்குள் பொருள் சிதையாமல் அடக்குவது எப்படி என்பது ஒரு காலத்தில் வகுப்பெடுத்துக் கற்பிக்கப்பட்டது. 2017 நவம்பரில் பெரும்பாலான மொழிகளுக்கு அந்த வரம்பு 280 ஆக உயர்ந்ததும் அந்தப் பாடத்தைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. ஃபேஸ்புக் பக்கத்துக்கு முதன்முறை வருபவருக்கென்று தனி வரவேற்புப் பகுதியை வடிவமைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள்; 2012-இல் பக்கங்களின் அமைப்பு மாற்றப்பட்டபோது அந்த வசதியும் அதை நம்பியிருந்த தொழிலும் ஒருசேர மறைந்தன. இத்தகைய குறிப்புகளை எழுதியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அன்றைய தேவைக்கு அவை பயன்பட்டன, அவற்றின் வேலை அதோடு முடிந்தது.

இன்றும் பழசாகாமல் இருப்பவை, ஒரு தளத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய கட்டுரைகள். 2012 மே மாதம் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன் ஃபேஸ்புக் தாக்கல் செய்த ஆவணத்தில், 2011-ஆம் ஆண்டின் வருமானத்தில் 85 விழுக்காடு விளம்பரத்தின் வழியே வந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால், பக்கம் தொடங்கி இலவசமாக நடத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வணிகரும் இன்னும் பணம் கட்டத் தொடங்காத விளம்பரதாரராகவே தளத்தின் கண்ணுக்குத் தெரிந்திருப்பார் என்பது புரியும். அதற்குப் பின் அடுத்தடுத்து வந்த மாற்றங்களில் பலவற்றை அந்த எண்ணைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடிந்தது. எனவே இத்துறையைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களிடம், தளம் வணிகர்களுக்காக வெளியிடும் வழிகாட்டியை மேலோட்டமாகப் படித்தால் போதும், அது முதலீட்டாளர்களுக்காக வெளியிடும் அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள் என்று சொல்வது என் வழக்கம். முன்னதில் அன்பு ததும்பும்; பின்னதில் பொய் சொன்னால் சட்டம் கேட்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஏராளம். ஆனால் எதைப் பதிவிட்டாலும் மிகச் சிலரே பார்க்கிறார்கள். ஏதோ விதியை மீறியதற்காகத் தளம் எங்களை ஒதுக்கி வைத்திருக்கிறதா? (கைவினைப் பொருள்கள் விற்கும் வாசகி)

உங்களை யாரும் தனியாக ஒதுக்கி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆயினும் இக்கேள்வி ஆண்டு தவறாமல் வந்துகொண்டே இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிறுவனங்களுக்கான பக்கங்களை ஃபேஸ்புக் 2007 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. ஒருவர் ஒரு பக்கத்தை விரும்பி இணைந்துவிட்டால், அந்தப் பக்கம் சொல்வது அவர் கண்ணில் படும் என்பதே அன்று பெரும்பாலோர் கொண்டிருந்த எண்ணம். அந்த எண்ணத்தில்தான் நிறுவனங்கள் பணம் செலவழித்து, போட்டிகள் நடத்தி, பரிசுகள் கொடுத்து ஆள் சேர்த்தன. ஆனால் முகப்பில் எதைக் காட்டுவது என்பதை வரிசைப்படுத்தித் தீர்மானிக்கும் பொறுப்பைத் தளம் தன் கையிலேயே வைத்திருந்தது. ஒரு பக்கத்தின் பதிவு அதன் ரசிகர்களில் சராசரியாக 16 விழுக்காட்டினரையே சென்றடைகிறது என்று 2012-இல் ஃபேஸ்புக்கே தெரிவித்தது. அதன் பிறகு அந்த அளவு மேலும் சரிந்தது. 2014 ஜூனில் அந்நிறுவனம் தந்த விளக்கத்தின்படி, ஒருவர் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அவருக்குக் காட்டத் தகுந்தவையாகச் சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருக்கும்; அவற்றிலிருந்து ஏறத்தாழ 300 மட்டுமே தேர்ந்தெடுத்துக் காட்டப்படும். 1,500 பேர் பேசக் காத்திருக்கும் கூட்டத்தில் 300 பேருக்குத்தான் நேரம் உண்டு என்றால் பெரும்பாலோர் பேசாமலே திரும்ப வேண்டியதுதான். அந்த அளவில் விளக்கம் நேர்மையானது. எனினும் யாரைப் பேச அழைப்பது என்று முடிவு செய்பவரே, முன்வரிசைக்குக் கட்டணம் வாங்குபவராகவும் இருக்கிறார் என்பதை அந்த விளக்கம் சொல்லாமல் விட்டது. நெரிசலும் உண்மை, வருமான நோக்கமும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்பவர்களை, அவர்கள் தளத்தின் ஊழியரானாலும் தளத்தைத் திட்டுபவரானாலும், பாதி கேட்டுவிட்டு மீதியை விட்டுவிடலாம்.

பின்னர் நடந்தவையும் அதே பாதையில்தான் சென்றன. 2016-இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் கால வரிசையை விட்டு, எதை முதலில் காட்டுவது என்று தாமே கணித்துக் காட்டத் தொடங்கின. 2018 ஜனவரியில், நண்பர்களும் குடும்பத்தினரும் இடுபவற்றுக்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது, பக்கங்களின் பங்கு குறையும் என்பதை வெளிப்படையாகவே சொன்னது. அதன் பிறகு டிக்டாக் காட்டிய வழி இன்னும் தீவிரமானது. அதில் நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதைவிட எந்தக் காணொளியில் எத்தனை நொடிகள் நின்றீர்கள் என்பதே முக்கியம். இன்ஸ்டாகிராம் 2020 ஆகஸ்டில் ரீல்ஸைக் கொண்டுவந்ததும், 2022-இல் ஃபேஸ்புக் தன் முகப்பைப் பின்தொடராதவர்களின் பதிவுகளுக்குத் திறந்துவிட்டு, பின்தொடர்பவற்றுக்கெனத் தனிப் பகுதியை ஒதுக்கியதும் அந்தப் போட்டியின் விளைவுகளே. ஆகவே உங்கள் பக்கத்தின் மேல் தெரியும் பெரிய எண், ஒரு காலத்தில் எத்தனை பேர் உங்களை விரும்பினார்கள் என்பதற்கான பதிவேடு; இன்று எத்தனை பேர் உங்களைக் கேட்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

செய்யக்கூடியது இதுதான். பதிவைச் சேமித்து வைப்பவர்கள், பிறருக்கு அனுப்புபவர்கள், விலை கேட்டுச் செய்தி அனுப்புபவர்கள் ஆகியோரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இசைவோடு மின்னஞ்சல் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ பெற்றுத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்குச் செலவிடுவதானால், இலவசமாகவே ஓரளவு நன்றாகச் சென்ற பதிவுக்கு மட்டும் செலவிடுங்கள். யாரும் சீண்டாத பதிவுக்குப் பணம் போட்டு உயிர் கொடுக்க முயல்வது வீண்.

கேள்வி: லைக் எண்ணிக்கைக்கும் விற்பனைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? எங்கள் மேலாளர் மாதந்தோறும் லைக் கணக்கைத்தான் கேட்கிறார். (விற்பனைப் பிரிவில் பணிபுரியும் வாசகர்)

சில இடங்களில் உண்டு. எந்த இடத்தில் என்பதைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்வதில்தான் கோளாறு. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது டெல் நிறுவனத்தின் கதை. தள்ளுபடிப் பொருள்களை விற்கும் தன் ட்விட்டர் கணக்கின் வழியாக 20 லட்சம் டாலருக்கு மேல் விற்பனை நடந்திருப்பதாக அந்நிறுவனம் 2009 ஜூனில் அறிவித்தது. சமூக ஊடகத்தால் பணம் வரும் என்பதற்கு அன்று வேறு திடமான சான்று அரிதாக இருந்ததால், இந்தச் செய்தி மேடைக்கு மேடை எடுத்துக் கூறப்பட்டது. ஆனால் அதே நிறுவனத்தின், 2009 ஜனவரி இறுதியில் முடிந்த நிதியாண்டு வருமானம் 6,100 கோடி டாலருக்கு மேல் என்பதை அந்த மேடைகளில் எவரும் சேர்த்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்த ட்விட்டர் கணக்கு 2007-லிருந்தே நடந்து வந்தது. 20 லட்சம் என்பது அதுவரையிலான மொத்தம்.

இதனால் அந்தச் சோதனை தோல்வி என்று சொல்ல வரவில்லை. அங்கே விற்கப்பட்டவை திரும்பி வந்த, புதுப்பிக்கப்பட்ட கணினிகள் போன்ற, கையிருப்பு நாளுக்கு நாள் மாறும் பொருள்கள். எது எப்போது மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு உடனுக்குடன் சொல்ல ட்விட்டரைப் போல் பொருத்தமான வழி அன்று வேறில்லை. பொருளும் வாங்குபவரும் ஊடகமும் ஒன்றுக்கொன்று இசைந்த இடம் அது. உங்கள் நிறுவனம் விற்பது எத்தகைய பொருள், அதை வாங்க முடிவெடுப்பவர் எத்தனை நாள் யோசிப்பார், அவர் யோசிக்கும்போது எங்கே இருப்பார் என்பவற்றை மேலாளரிடம் முதலில் பேசுங்கள். லைக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

எண்களைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. காணொளிகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று தான் காட்டிவந்த கணக்கு இரண்டு ஆண்டுகளாக மிகைப்பட்டிருந்ததை 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு மற்றவர்களை மட்டும் கொண்டு சராசரி போட்டால் அது உயரத்தானே செய்யும்? செய்தி நிறுவனங்கள் பல எழுத்துப் பிரிவைச் சுருக்கிக் காணொளிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இதைத் தொடர்ந்து விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கு, 2019-இல் 4 கோடி டாலர் தருவதாக ஃபேஸ்புக் இசைந்ததில் முடிந்தது. எழுத்துப் பிரிவில் வேலை இழந்தவர்கள் அந்த வழக்கில் இல்லை. யூடியூப் 2012-இல், எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை விட்டு எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை கொடுத்தபோது, ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியதைப் பத்து நிமிடத்துக்கு இழுக்கும் பழக்கம் பரவியது. அளவுகோலைத் தளம் தன் தேவைக்காக வகுக்கிறது. அதை அப்படியே உங்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்போது உங்கள் வேலை தளத்தின் வேலையாக மாறிவிடுகிறது.

உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நிறுத்திப் பார்ப்பதே நல்ல வழி. இணையவழி விற்பனைத் தளமான இபே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடுபொறி விளம்பரங்களைச் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திவிட்டு விற்பனையை ஒப்பிட்டார்கள். நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்று தெரிய வந்தது. அவர்கள் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். சிறிய வணிகத்தில் இதைச் செய்வது இன்னும் எளிது. சில வாரம் விளம்பரத்தை நிறுத்துங்கள், வாங்க வருபவர்களிடம் எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். மாதக் கணக்கோடு அந்தத் தாளையும் மேலாளர் முன் வையுங்கள்.

கேள்வி: அடுத்து எந்தத் தளம் பெரிதாக வளரும்? இப்போதே போய் இடம் பிடிக்கலாமா? (புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் வாசகர்)

ஜோதிடத்துக்கு இதழில் வேறு பக்கம் இருக்கிறது. 2011-இல் கூகுள் தன் பணபலம் அனைத்தோடும் தொடங்கிய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் ஆர்குட் 2014 செப்டம்பரில் விடைபெற்றது. ஆறு நொடிக் காணொளிகளால் ஒரு தலைமுறையைக் கவர்ந்த வைன், ட்விட்டரின் கையில் இருந்தும் 2017-ஐத் தாண்டவில்லை. பெயரை மட்டும் பதிவு செய்து வைத்துவிட்டு, உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கே போகும் வரை பொறுத்திருங்கள். முதலில் போனவர்களுக்குக் கிடைக்கும் நன்மையைவிட, மூடப்பட்ட இடத்தில் உழைத்தவர்களுக்கு ஏற்பட்ட இழப்பையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் எங்களைப் பற்றிப் பொதுவெளியில் கடுமையாக எழுதிவிட்டார். பதில் சொல்வதா, நீக்கச் சொல்வதா, பேசாமல் இருப்பதா? (சேவை நிறுவனம் நடத்தும் வாசகி)

இத்தனை ஆண்டுகளில் சமூக ஊடகம் வணிகத்தில் ஏற்படுத்திய நிலையான மாற்றம் எது என்று கேட்டால், விளம்பரத்தைவிட இந்த இடத்தைத்தான் காட்டுவேன். 2004-இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் மிதிவண்டிப் பூட்டுகளில் சிலவற்றைச் சாதாரணப் பேனாவின் குழலால் திறந்துவிடலாம் என்று ஒருவர் இணையத்தில் எழுத, காணொளிகள் பரவி, அந்நிறுவனம் பூட்டுகளை இலவசமாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. மறு ஆண்டு, ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தாம் வாங்கிய டெல் கணினியும் அதற்கான சேவையும் தமக்குக் கொடுத்த தொல்லையை இணையத்தில் எழுதத் தொடங்க, அதே அனுபவம் உள்ளவர்கள் அவரைச் சுற்றித் திரண்டார்கள். டெல் முதலில் கண்டுகொள்ளவில்லை. 2006-இல்தான் இணையத்தில் முறையிடுபவர்களைத் தேடிச் சென்று பேசத் தன் ஊழியர்களை அமர்த்தியது. 2007 பிப்ரவரியில் வாடிக்கையாளர்கள் யோசனைகளைச் சொல்லவும் வாக்களிக்கவும் தனித் தளம் திறந்தது. மேலே சொன்ன ட்விட்டர் விற்பனை இதற்கெல்லாம் பிறகு வந்தது. மேடைகளில் விற்பனைக் கதை மட்டும் சொல்லப்பட்டது. அதற்கு முன் பதில் சொல்லிப் பழகிய காலம் ஒன்று இருந்தது என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

எனவே பதில் சொல்லுங்கள். முதல் பதில், புகார் எழுதப்பட்ட அதே இடத்தில், பெயருள்ள ஒரு மனிதரிடமிருந்து, நடந்ததைக் குறிப்பிட்டு வர வேண்டும். "தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தொடங்கும் வார்ப்பு வாசகம் எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கும். விவரங்களைத் தனிச் செய்தியில் பேசி முடித்த பிறகு, முடிந்தது என்பதை மீண்டும் அதே பொது இடத்தில் ஒரு வரியில் தெரிவியுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவே அந்த ஒரு வரி. அவருடைய புகார் பொய்யானால், உங்கள் தரப்பை ஒரு முறை ஆதாரத்தோடு சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கருத்துகள் பெருகும் பதிவையே தளங்கள் மேலும் பலருக்குக் காட்டும் என்பதால், பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டே போவது புகாரை நீங்களே சுமந்து சென்று பரப்புவதாக முடியும். நீக்கச் சொல்லி மிரட்டுவதன் விளைவை நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துவதுண்டு. பொதுவெளியில் கூச்சலிடுபவருக்கு மறுநாளே பணம் திரும்பக் கிடைக்கிறது. அமைதியாகக் கடிதம் எழுதியவர் மாதக் கணக்கில் காத்திருக்கிறார். இதைச் செய்யும் நிறுவனங்கள், கூச்சலிடுவதே சரியான வழி என்று தம் வாடிக்கையாளர்களுக்குத் தாமே கற்றுக்கொடுக்கின்றன. புகார் எந்த வழியில் வந்தாலும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

கேள்வி: செல்வாக்குள்ளவர்களைக் கொண்டு விளம்பரம் செய்வது பலன் தருமா? (அழகுப் பொருள் தயாரிப்பாளர்)

செல்வாக்கை எண்ணால் அளந்துவிடலாம் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 2008-இல் தொடங்கிய கிளவுட் என்ற நிறுவனம், ஒவ்வொருவருடைய இணையச் செல்வாக்குக்கும் 1 முதல் 100 வரை மதிப்பெண் போட்டது. அந்த மதிப்பெண்ணை ஆளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2018 மே 25 அன்று அது மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், முடக்கப்பட்டிருந்த கணக்குகளைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையிலிருந்து ட்விட்டர் கழித்தபோது, புகழ்பெற்ற பலருடைய எண்ணிக்கை ஒரே நாளில் சரிந்தது. எண்ணிக்கையைப் பார்த்து ஆள் பிடிக்காதீர்கள். அவருக்குக் கீழே வரும் கருத்துகளைப் படியுங்கள். உங்கள் பொருளைப் பற்றி அறிவுள்ள கேள்விகள் அங்கே கேட்கப்படுகின்றனவா, வெறும் இதயக் குறிகள்தாமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறோம் என்பதை அவர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009-லேயே தன் நெறிமுறைகளில் இதைச் சேர்த்துவிட்டது. பல நாடுகளில் இப்போது இதற்கு விதி உண்டு.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பதிவுகள் போட வேண்டும்? (பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்)

சொல்ல ஏதேனும் இருக்கும் நாளில் ஒன்று. தினமும் மூன்று, ஐந்து என்று கணக்குச் சொல்லும் அறிவுரைகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பதிவுகளைத் திட்டமிட்டு வெளியிடும் மென்பொருளை விற்பவரிடம் போய் நிற்பீர்கள்.

கேள்வி: சமூக ஊடகப் பக்கங்கள் இருக்கும்போது தனியாக இணையதளம் எதற்கு? (சிறு பதிப்பகம் நடத்தும் வாசகர்)

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் செயலிழந்தன. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது என்று மூன்றிலும் கணக்கு வைத்திருந்தவர்கள், தாம் மூன்று பெயர்களில் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருந்ததை அன்று நேரில் கண்டார்கள். 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அங்கே பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் அந்தக் கூட்டம் எட்டாமல் போயிற்று. இவை எதுவும் அவர்கள் செய்த பிழையால் நேர்ந்தவை அல்ல.

தளங்களுக்கே கூட இதே நிலைதான் என்பதைக் கவனியுங்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், ஐபோன் பயன்படுத்துவோரின் இசைவின்றி ஒரு செயலி அவர்களைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்று விதித்தது. அதனால் 2022-ஆம் ஆண்டில் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று, அதற்குள் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த ஃபேஸ்புக் நிறுவனம் மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே இன்னொருவர் வகுத்த விதிக்குள் கடை விரித்திருந்தால் இந்தக் கதி என்றால், சிறு பதிப்பகம் என்ன செய்யும்? உங்கள் பெயரில் பதிவு செய்த முகவரி, அதில் நூல்களின் முழுப் பட்டியல், வாங்கும் வழி, மின்னஞ்சல் பட்டியலில் சேரும் வசதி: இவ்வளவு இருந்தால் போதும், அலங்காரம் வேண்டாம். மின்னஞ்சல் பழைய சரக்கு என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். அதை அனுப்பும் நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை என்பதால், சேவை வழங்குபவரை மாற்றினாலும் வாசகர் பட்டியல் உங்களோடு வந்துவிடும். சமூக ஊடகப் பக்கங்களை விட்டுவிட வேண்டியதில்லை. புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கும் இடமாக அவை இருக்கட்டும். கண்டுபிடித்தவர்களை அங்கேயே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவே பதிவுகளை எழுதித் தருகிறது. இனி உங்களைப் போன்றவர்கள் எழுதுவதற்கு என்ன தேவை? (கல்லூரி மாணவி)

நேராகக் கேட்டதற்கு நன்றி. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, "விற்பனையைப் பெருக்கப் பத்து வழிகள்" என்ற வகை எழுத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அந்த வகை எழுத்தை மனிதர்கள் எழுதியபோதும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான் அதிகம். ஆகவே இழப்பு பெரிதில்லை. விளம்பர வாசகங்களுக்குப் பல வடிவங்கள் தயாரிக்கவும், நீண்ட அறிக்கைகளைச் சுருக்கவும் எந்திரத்தைப் பயன்படுத்துவதில் எனக்குத் தடையொன்றும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் ஏன் பாதியில் திரும்பிப் போனார், கையிருப்பு தீர்ந்ததை முன்கூட்டியே சொன்னபோது என்ன நடந்தது என்பன போன்றவை எவராவது கவனித்து எழுதினால் மட்டுமே எழுத்தாகும். பொதுவானவை பெருகப் பெருக, தம் தொழிலை உள்ளிருந்து பார்த்துத் துல்லியமாக எழுதுபவர்களைத் தேடுவோர் கூடுவார்கள் என்றே எண்ணுகிறேன். நீங்கள் எழுத வருவதானால், ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதில் பணம் புழங்கும் வழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக எழுதிய பழைய பதிவுகள் எங்கள் நிறுவனத்திடம் குவிந்து கிடக்கின்றன. காலாவதியானவற்றை நீக்கிவிடலாமா? (மென்பொருள் நிறுவன ஊழியர்)

வாசகரைத் தவறான இடத்துக்கு அனுப்பக்கூடிய செய்முறைக் குறிப்புகளை நீக்கலாம், அல்லது இது பழையது என்று தலைப்பின் மேலேயே தெளிவாக எழுதிவிட்டு, புதிய குறிப்புக்கு இணைப்புக் கொடுக்கலாம். ஏன் ஒரு முடிவை எடுத்தோம், எந்தத் தளத்தில் எதற்காகச் செலவிட்டோம், என்ன கிடைத்தது என்பன போன்றவற்றை எழுதியிருந்தால் அவற்றில் கை வைக்காதீர்கள். பின்னால் வரும் ஊழியர்களுக்கு அவைதாம் பாடநூல். இன்றைய அறிவைக் கொண்டு பழையதைத் திருத்தி எழுதுவதும் வேண்டாம். தேதியோடு அப்படியே இருக்கட்டும், சேர்க்க வேண்டியதைக் கீழே தனித் தேதியிட்டுச் சேருங்கள்.

நீக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கிறீர்கள். தானாகவே அழிவதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் திறக்க இயலாதவையாகிவிட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மைஸ்பேஸ் தளம், 2015-க்கு முன் பயனர்கள் அதில் ஏற்றியிருந்த இசைக் கோப்புகள், சேவையகங்களை மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. பெரிய தளங்கள் பெரும்பாலானவற்றில் நாம் இட்டவற்றின் நகலைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புப் பகுதியில் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைப் பயன்படுத்தி, நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். வைத்ததோடு விடாமல் கோப்பைத் திறந்து, படங்களும் தேதிகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.